சாமிக்கு விட்டார், எங்களுக்கு விடவில்லை

அப்பா மாலையைக் கழட்டிய அன்றைக்குத்தான் அந்த யோசனை எனக்கு முதலில் வந்தது: கழட்டவே விடக்கூடாது. அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். சபரிமலை போன வேன் காலையில் வந்து இறங்கியது. பூஜை அலமாரி முன்னால் அம்மா தட்டோடு நின்றாள், மாலையை வாங்கி வைக்க.

"கழட்டாதீங்க சாமி, வருஷம் பூரா போட்டுக்குங்க" என்றேன். மாலை போட்டவரை மகளும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அப்பா சிரித்தார், கூட வந்தவர்களும் சிரித்தார்கள். சாயங்காலம் ஒயின் ஷாப்புக்குப் போய்விட்டார்.

கார்த்திகை பிறந்து மாலை போட்டால் ஒரு சொட்டு தொடமாட்டார். அதனால் நாங்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம்: இவரால் நிறுத்த முடியும், முடிந்தும் நிறுத்தவில்லை, எல்லாம் கொழுப்பு.

"நம்ம ஊரு மலைய சுத்த எங்கெங்கிருந்தோ வந்து குவியறாங்க, இவரு வேற மலைக்கு ஓடறாரு. அந்த சாமிக்காக விட முடியுது, பெத்த பொண்ணுக்காக முடியலியா?" என்பாள் அம்மா. அது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கடவுள்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன். காலண்டரில் அந்தச் சாமி படம் வந்த வருஷம் அதை நேராகப் பார்க்கவே மாட்டேன்.

மாலை போட்ட புதிதில், விடியற்காலை குளித்துவிட்டு வரும் அப்பாவின் கையில் சொம்பு கடகடவென்று ஆடும். பச்சைத் தண்ணீர், கார்த்திகைக் குளிர் என்று நினைத்துக்கொள்வோம். கல்லூரியில் விலங்கியல் சேர்ந்த பிறகு நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டும்போதுதான் தெரிந்தது, அது குளிர் நடுக்கமில்லை, குடியைத் திடீரென்று நிறுத்திய உடம்பின் நடுக்கம் என்று. அங்கேயே எழுந்து நின்றுவிட்டேன். எனக்கு எல்லாமே அப்படித்தான், தெரிந்த நிமிஷமே யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

அப்பா அப்போது கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். குடித்துவிட்டு வந்தார் என்று முதலாளி ஒருநாள் சாவியைப் பிடுங்கிக்கொண்டபோதுதான், புத்தகத்தில் படித்து நான் சொல்லிக்கொண்டிருந்த சிகிச்சைக்கு அப்பா ஒப்புக்கொண்டார். வேலூர்ப் பக்கம் ஒரு மையத்தில் சேர்த்தோம். மருந்து, ஊசி, தூக்கம். பிறகு வீட்டாருக்கும் சேர்த்து வகுப்பு.

"மாலை போட்டா விட்டுடுவாருங்க டாக்டர், பெத்த பொண்ணுக்காக முடியல" என்றாள் அம்மா.

"கழட்டற நாள் தெரியும் இல்லம்மா? அதை நெனச்சுத்தான் பல்லைக் கடிச்சிட்டிருந்திருக்கார். அப்படித் திடீர்னு நிறுத்தினதே ஆபத்து, வலிப்பு வந்திருக்கலாம். இது சர்க்கரை மாதிரி ஒரு வியாதி. பொண்ணுக்காகக் கொறஞ்சுடுன்னு சர்க்கரைகிட்ட சொல்வீங்களா?"

தலைக்குப் புரிந்தது. மனசுக்கு எங்கே புரிகிறது?

அப்பா திரும்பி வந்தார். வேன் சாவியும் கிடைத்தது. குடி என்ன செய்யும் என்று விளக்க, கல்லீரலைப் பெரிய சார்ட்டில் வரைந்து வைத்துக் காத்திருந்தேன். இனிமேல் என்னோடு உட்கார்ந்து பேசுவார், சிகிச்சையைக் கண்டுபிடித்தவளே நான்தானே! சார்ட்டைப் பார்த்து, "நல்லா வரைஞ்சிருக்க" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு அந்தப் பையனைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தப் பையன் மையத்தில் பக்கத்துக் கட்டில். அடி அண்ணாமலைக்காரன், பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன், என் வயசு. சாயங்காலமானால் டீக்கடை பெஞ்சில் இருவரையும் பார்க்கலாம்.

"சாப்பிட்டியாடா?"

"இல்லண்ணா."

அப்பா தன் பன்னைப் பிய்த்துப் பாதி கொடுப்பார். கல்லூரி பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே போவேன். என்னை ஒருநாளாவது சாப்பிட்டியா என்று கேட்டிருப்பாரா? கேட்க வைக்க நானும் குடித்துக் கெட வேண்டுமா? அதிலும் அந்த 'அண்ணா'. என் வயசுக்காரன் அப்பாவை அண்ணா என்றால் எனக்கு அவன் சித்தப்பா! ஆத்திரத்தோடு இதை அம்மாவிடம் சொன்னால், "சித்தப்பா வந்தா மோர் குடுடி" என்று சிரிக்கிறாள்.

போன பௌர்ணமியன்று, கிரிவலக் கூட்டத்துக்கு வேன் ஓட்டிவிட்டு மத்தியானமே வந்தார் அப்பா. முகம் சரியில்லை. கை கால் கழுவிக்கொண்டு மறுபடி கிளம்பினார்.

"எங்கப்பா?"

"பையனைப் பாத்துட்டு வரேன்."

"அவனுக்கு இன்னாவாம்?"

"அவனுக்கு ஒண்ணுமில்ல." செருப்பை மாட்டினார். "எனக்குத்தான். குடிக்கணும்போல கீது."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா எட்டிப் பார்த்தாள். என் கண் அவர் சட்டைப் பாக்கெட்டுக்குப் போய்விட்டது. அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"பாத்தியா? இதுக்குத்தான் அவன்கிட்ட போறேன். அவன்கிட்ட சொன்னா, 'எனக்கும்தாண்ணா, வா டீ சாப்பிடலாம்'பான். பேசிக்கிட்டே இருந்தா கொஞ்ச நேரத்துல அது போயிடும். இங்க சொன்னா உங்க ரெண்டு பேருக்கும் மூஞ்சி மாறிடுது. அதைப் பாத்தா எனக்கு இன்னும் ஜாஸ்தியாவுது."

போனார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார், பஜ்ஜிப் பொட்டலத்தோடு. நான் தொடவில்லை. அப்புறம் ஆறிப்போய்விடுமே என்று தின்றேன்.

என் பொறாமை போய்விடவில்லை. எதன்மேல் என்பது மட்டும் இப்போது தெரியும்: அந்தப் பையனின் மாறாத முகத்தின்மேல்.

"அடுத்த தடவை மொதல்ல என்கிட்ட சொல்லிப் பாருங்கப்பா" என்றேன்.

"உன்னால முடியாதும்மா."

"பாக்கலாம்."

அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகுகிறேன்: "சரிப்பா. டீ சாப்பிடலாமா?" இரண்டாவது வார்த்தையில் புருவம் தூக்கிக்கொள்கிறது. அம்மாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அவள் அழுதுவிடுகிறாள், இல்லாவிட்டால் சிரித்துவிடுகிறாள். பாக்கெட்டைப் பார்க்கக்கூடாது, அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். பௌர்ணமி நெருங்குகிறது, வேன் ஓட்டம் ஜாஸ்தியாகும், அப்பா களைத்து வருவார். இஞ்சி வாங்கி வைத்திருக்கிறேன். டீக்கடையில் இஞ்சி போடுவதில்லை, அது அந்தப் பையனால் முடியாது.