கடல் என்று எழுதிய பாட்டில்

நஸ்ரீன் அக்கா இறந்த செய்தி எனக்கு எங்கள் மலையூரான புதூர்நாட்டில், மேட்டு மரத்தில் புளி உலுக்கிக்கொண்டிருந்த மதியத்தில் வந்தது. எங்கள் ஊரில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது அந்த மேட்டில் மட்டும்தான். மூன்று நாள் காய்ச்சல் என்றார்கள். ஜீப் கிடைத்து அவருடைய ஊரான வாணியம்பாடி போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவருடைய அம்மா என் கையைப் பிடித்து, "அந்த மலப் பொண்ணு நீதானாம்மா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பற்றி வீட்டில் சொல்லியிருக்கிறார்.

ஆய்வுக்கூடத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய சிரிப்பு தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

ஓடில்லாத ஒரு கடல்நத்தை எந்தெந்தக் கரைகளில் வாழ்கிறது என்று பார்ப்பது எங்கள் இருவரின் வேலை. நகத்தளவு உடம்பு. இரண்டு ஓரங்களும் முதுகின்மேல் மடிந்திருக்கும், விரித்தால் இலை. பாசியைத் தின்று அதன் பச்சையையே உடம்பில் வைத்துக்கொள்வதால், பாசிக்குள் கண்ணுக்குச் சிக்காது. அது கிடைத்த இடங்களைக் குறிக்கும் வரைபடத்தில் தெற்கே பல புள்ளிகள் இருந்தன. நாங்கள் நின்ற பாறைக் கரையில் ஒன்றுகூட இல்லை.

அன்று நான் ஒன்றைக் கண்டேன். கீரையைப் புரட்டிப் புழு பார்த்த கண் எனக்கு. உடம்பெல்லாம் மணல் ஒட்டியிருந்தது. படம் தெளிவாக விழட்டும் என்று, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி அலசினேன். நத்தை சுருண்டது. பிறகு அசையவேயில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். இதோடு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். அடுத்த பாறையிலிருந்து அக்கா வந்தார்.

"இன்னா மலரு, மூஞ்சி இப்டி போவுது?"

கையை நீட்டினேன்.

"அரே! கீரைன்னு நெனச்சி அலசிட்டியா? பருப்பு எங்க?"

அழுதுவிட்டேன். "அக்கா, கெடைக்கலன்னு எழுதிடலாமா?"

அவர் சிரிப்பு நின்றது. "அப்டி எழுதுனா இங்க இல்லவே இல்லன்னு ஆய்டும். இது இங்க இருந்துச்சு மலரு. செத்ததுக்கு நாம செய்யக்கூடியது அவ்ளோதான், இருந்த எடத்த எழுதுறது."

குறிப்பேட்டில் நானே எழுதினேன்: 'ஒன்று. நல்ல தண்ணீரில் அலசியதால் இறந்தது. மலர்விழி.' யாரும் என்னை ஊருக்கு அனுப்பவில்லை. அந்தப் புள்ளி இன்று வரைபடத்தில் இருக்கிறது.

மறுநாள் காலை அக்கா இரண்டு பாட்டில்களில் மார்க்கரால் எழுதி வைத்திருந்தார். கடல்நீர் பாட்டிலில் 'கடல்', குடிதண்ணீர் பாட்டிலில் 'மலை'.

"மலைய குடி, கடல ஊத்து. மாத்துனா எங்க வூட்டு பிரியாணி கெடையாது."

அவர் இறந்தபின் ஆய்வுக்கூடத்தில் அவருடைய மேசையைக் காலி செய்தபோது 'கடல்' பாட்டிலை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எழுத்து பாதி அழிந்துவிட்டது. அதோடுதான் பாறைக்குப் போகிறேன். எதுவும் தென்படாத நாட்களில், 'இல்லை' என்று எழுதும் முன் இன்னொரு முறை குனிந்து பார்க்கிறேன்.