ஏழாவது கிரீன் கருகிய கோடை

கோடை முடியப் போகிறது என்று ஊரே நிம்மதிப் பெருமூச்சு விடும் நாட்களில்தான் மில்லிமீட்டருக்குத் தூக்கம் கெடும். அது அவருடைய பட்டப்பெயர். பதினெட்டுக் குழிகள் கொண்ட ஒரு கோல்ஃப் மைதானத்தின் தலைமைப் பராமரிப்பாளர் அவர். ஒவ்வொரு குழியையும் சுற்றிப் பாய் விரித்தது போல ஒரு புல்திட்டு இருக்கும். அதை கிரீன் என்பார்கள். அங்கே புல் மூன்றரை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். கூடினால் உருளும் பந்து தயங்கும், உறுப்பினர்கள் முகம் சுளிப்பார்கள். குறைந்தால் வெயில் வேரைக் குடித்துவிடும். சட்டைப் பையில் சின்ன உலோக அளவுகோல் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. முடிவெட்டிக்கொள்ளப் போனாலும் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார் என்று மைதானத்து ஆட்கள் சிரிப்பார்கள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று சொல்வதுண்டு. அவருக்குப் புல்தான் எஜமான்.

கோடையின் தொடக்கத்தில் விரல் நீளம் இருக்கும் வேர், கடைசி மாதத்தில் நகத்தளவாகச் சுருங்கிவிடும். பார்ப்பதற்குப் பச்சையாக இருக்கும். உள்ளே உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும். மத்தியானம் ஒரு மணிக்கு ஒவ்வொரு கிரீனாகப் போய், ஹோஸைத் தூக்கிப் பிடித்துப் பன்னீர் தெளிப்பது போலத் தெளிக்க வேண்டும். தண்ணீர் புல்லின் சூட்டைத் தணிக்க வேண்டுமே தவிர மண்ணை நனைக்கக் கூடாது. நனைத்தால் இரவுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பச்சைக் குழந்தையை வளர்த்துவிடலாம், இதை வளர்க்க முடியாது என்று அவர் மனைவி சொல்வாள்.

மனைவியின் தம்பியையும் அவர்தான் மைதானத்தில் சேர்த்துவிட்டிருந்தார். மைத்துனன் கெட்டிக்காரன். மருந்து தெளிக்கும் வேலையை அவனிடமே விட்டிருந்தார். குப்பியைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளப்பான். "மாமா, உங்க அளவுகோல் உங்க பையில இருக்கு. என்னோடது கண்ணுலயே இருக்கு" என்று பீற்றிக்கொள்வான். பீற்றிக்கொள்ளும் உரிமை அவனுக்கு இருந்தது.

பத்து வருடத்துக்கு முந்தைய கோடை அது. மழை தள்ளிப்போய் மைதானத்துக் குளம் அடி தெரிய வற்றியிருந்தது. புல்லுக்குத் தவிர ஒரு வாளித் தண்ணீர்கூட வேறெதற்கும் போகக் கூடாது என்று கிளப் செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒருநாள் சாயங்காலம் மைத்துனன் விடுப்பில் இருந்ததால், பாதையோரக் களைகளுக்கு மில்லிமீட்டரே மருந்து அடித்தார். பட்டதையெல்லாம் கருக்கிவிடும் களைக்கொல்லி அது. அடித்து முடித்ததும் மருந்து வண்டியின் டேங்கை மூன்று முறை அலச வேண்டும். ஒவ்வொரு முறையும் மருந்து பீய்ச்சும் குழாய் வழியாகத் தண்ணீரை வெளியே விட வேண்டும். அந்த விதியைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டியவரே அவர்தான். அன்றைக்குக் குளத்தை ஒரு பார்வை பார்த்தார். ஒரே ஒரு முறை அலசினார். குழாயைத் திறக்கவே இல்லை.

மறுநாள் விடியற்காலையில் ஏழாவது கிரீனில் சட்டைப் பித்தான் அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. பூஞ்சணம். மைத்துனன் அதே டேங்கில் பூஞ்சண மருந்தைக் கலந்தான். ஏழாவதில் தொடங்கி, வரிசையாக ஐந்து கிரீன்களுக்கு அடித்தான். நாலைந்து நாளில் ஏழாவது கிரீன் மஞ்சளடித்தது. பத்தாம் நாள் முழுத் திட்டும் வைக்கோலாகிவிட்டது. ஆண்டுப் போட்டிக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

செயலாளர் கூப்பிட்டனுப்பியபோது மில்லிமீட்டர் எட்டாவது கிரீனில் குந்தி உட்கார்ந்திருந்தார். அங்கே புல் செழிப்பாக இருந்தது. ஒன்பதாவதும் அப்படித்தான். மருந்தின் அளவு கூடியிருந்தால் ஐந்தும் அல்லவா கருகியிருக்க வேண்டும்? முதலில் அடித்தது மட்டும் ஏன் செத்தது? அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குழாயில் தங்கிப்போன களைக்கொல்லி மொத்தமும் முதலில் அடித்த ஏழாவதில் இறங்கியிருக்கிறது.

செயலாளர் அறையில் மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கமிட்டிக்காரர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"மருந்து கலந்தது யாரு?" என்றார் செயலாளர்.

மில்லிமீட்டருக்கு உண்மை வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். தண்ணீர் வேண்டாம் என்றவரே செயலாளர்தானே. ஆனால் அறையில் இருந்த எல்லோரும் அவரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருடத்து மரியாதை. மில்லிமீட்டருக்கே தப்பா என்று யாரோ சிரிக்கப்போகிற சிரிப்பு முன்கூட்டியே அவர் காதில் விழுந்தது.

"அவன்தான் கலந்தான்" என்றார். அதில் ஒரு சொல் பொய்யில்லை.

மைத்துனன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அளவு பாத்துத்தான் ஊத்தினேன் சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நிச்சயமா பாத்தியா?"

அவன் மில்லிமீட்டரைத் திரும்பிப் பார்த்தான். அவர் மேஜை மேலிருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தேன்னுதான் நினைக்கிறேன்" என்றான் மைத்துனன்.

எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று மில்லிமீட்டர் கணக்குப் போட்டிருந்தார். அன்று சாயங்காலமே அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அக்காக்காரி தம்பியைப் பிடிபிடியென்று பிடித்தாள். "ஒரு மருந்தை அளந்து ஊத்தத் தெரியாதாடா உனக்கு? உன்னைக் கூட்டிட்டுப் போய்ச் சேத்துவிட்ட மனுஷன் தலை குனிஞ்சு நிக்கணுமா?" மில்லிமீட்டர் குளியலறையில் கால் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டது. கழுவிய காலையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

போட்டி முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தார். முடிந்தது. மழை வரட்டும் என்று நினைத்தார். வந்தது. ஏழாவது கிரீனில் புதுப் புல் பதித்தார்கள், வேர் பிடித்தது. அதற்குப் பிறகு சொல்வதற்குத் தோதான நாள் என்று ஒன்று வரவே இல்லை. தள்ளிப்போட்ட உண்மைக்கு நாளாக ஆக எடை கூடும் போலிருக்கிறது. தூக்கவே முடியாமல் போய்விட்டது.

மைத்துனனுக்குப் பேருந்துப் பணிமனையில் பேருந்து கழுவும் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆயிற்று, ஒரு மகள் பிறந்தாள். ஆனால் பழைய பீற்றலைக் காணவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். பணிமனையில் பொருள் வைப்பறையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது, வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டானாம். "சோம்பேறி, பொறுப்பே வேணாம்கிறான்" என்று அக்கா அலுத்துக்கொள்வாள். மில்லிமீட்டர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி இருப்பார்.

போன கோடையின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கணவனும் மனைவியும் மைத்துனன் வீட்டுக்குப் போனார்கள். மைத்துனன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ஐந்து வயது மகள் காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தாள். மைத்துனன் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் மருந்துக் குப்பியையும் சின்ன அளவு மூடியையும் அவள் கையில் வைத்தான்.

"அக்கா, நீயே ஊத்திக் குடு. ரெண்டு மணி நேரமா உனக்காகத்தான் காத்திருக்கேன்."

"ஏன்டா, குழந்தை உடம்பு அனலாக் கொதிக்குது. அஞ்சு மில்லி ஊத்தறதுக்கு நான் வரணுமா?"

"என் கை சரியில்லக்கா. உனக்குத்தான் தெரியுமே. ஒரு தடவை ஒரு திடலையே கருக்கின கை. இவ குழந்தை."

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். மில்லிமீட்டர் குடிக்கத் தண்ணீர் எடுப்பது போலச் சமையலறைக்குப் போனார். எரிவாயு அடுப்பின் குமிழ்களுக்கு மேலே, மூடும் பக்கம் எது என்று காட்டி இரண்டு அம்புக்குறிகள் வரைந்து ஒட்டியிருந்தன. கோணல்மாணலாக இருந்தாலும் அது அவன் கைதான் என்று தெரிந்தது. வேலையைத்தான் பறித்தோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். அவன் கண்ணிலிருந்த அளவுகோலையே பிடுங்கிப் போட்டிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் கிரீன்களுக்குத் தண்ணீர் தெளிக்க இன்னொருவரை அனுப்பிவிட்டுப் பணிமனைக்குப் போனார். இருபத்தொன்பது வருட வேலையில் அந்த நேரத்தில் அவர் மைதானத்தில் இல்லாதது அதுவே முதல் தடவை. மைத்துனன் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு பேருந்தின் பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, அந்தத் தண்ணியைக் கொஞ்சம் நிறுத்து."

"என்ன மாமா, இந்த நேரத்துல? அக்காவுக்கு ஏதாச்சும்..."

"அவ நல்லாத்தான் இருக்கா. ஏழாவது கிரீனைக் கொன்னது நீ இல்லடா. நான்தான்."

டேங்க், களைக்கொல்லி, குளம், ஒரே ஒரு அலசல் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் அவன், பரீட்சைக் கேள்விக்குப் பதில் தேடுகிறவனைப் போல, "முதல்ல அடிச்சது ஏழாவது" என்றான். "மத்த நாலும் பொழைச்சுதே. ஆமா, பொழைச்சுதே. நான் அதை யோசிக்கவே இல்ல பாருங்க." ஒரு கணம் அவன் முகத்தில் வெளிச்சம் மாதிரி ஏதோ வந்தது. பிறகு அது போய்விட்டது. "உங்களுக்கு எப்போ மாமா தெரிஞ்சது?"

நேற்றுத்தான் யோசித்தேன் என்று சொல்லிவிடலாம். நம்பியிருப்பான். அந்தப் பொய் நாக்கு நுனியில் வழவழவென்று தயாராக இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் மில்லிமீட்டருக்குக் கூசும்.

"அன்னைக்கே தெரியும். செயலாளர் ரூமுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே."

ஹோஸிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "நேத்து அவளுக்கு ஜுரம் ஏறிட்டே போச்சு மாமா. ரெண்டு மணி நேரம். மருந்து கையிலயே இருந்துச்சு" என்றான் மைத்துனன். குரலை உயர்த்தவில்லை. "அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. இப்போ போயிடுங்க, தயவுபண்ணி."

தண்ணீரைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய பக்கத்தையே மறுபடி கழுவத் தொடங்கினான்.

மனைவியிடம் அன்று சாயங்காலமே சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும் வரை மடித்துக்கொண்டேயிருந்தாள். "நீங்க செஞ்சது ஒரு பக்கம் இருக்கட்டும்" என்றாள். "என் தம்பியை என் வாயாலயே திட்ட வச்சீங்களே. சோம்பேறின்னேன். தெண்டம்னேன். ஒம்போது வருஷம் கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?" மடித்த துணிகளில் அவருடையதைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு அவள் எழுந்து போனாள்.

அந்த வாரமே செயலாளரைப் பார்த்தார். பழையவர் ஓய்வுபெற்றுப் போயிருந்தார். புதியவருக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. "நான் வர்றதுக்கு முன்னாடி நடந்தது. புல்லும் புதுசு. இப்போ இதை யார் கேட்டா?" என்றார். யாரும் கேட்கவில்லைதான். ஆனாலும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோப்பில் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். மைத்துனனை மறுபடி சேர்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டார். புதியவர் நல்ல மனிதர், சரியென்று சொல்லியனுப்பினார். மைத்துனன் வரவில்லை. இனிப் புல் பக்கமே வர மனமில்லை என்று பதில் வந்தது.

இந்தக் கோடையும் முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. குளத்தில் பாதித் தண்ணீர் இருக்கிறது. மைத்துனன், பொருள் வைப்பறையைப் பார்த்துக்கொள்ள இப்போது ஒப்புக்கொண்டுவிட்டதாக மனைவி சொன்னாள். அவரிடம் சொன்னாள் என்பதைவிட, அவர் காதில் விழும்படி அண்டைவீட்டுக்காரியிடம் சொன்னாள் என்பதே சரி. அவளும் பேசத் தொடங்கியிருக்கிறாள். சாப்பிட வாங்க, கதவைச் சாத்துங்க, அந்த அளவுக்கு.

நேற்று மேகம் கருத்துக்கொண்டு வந்தது. மில்லிமீட்டர் பதினாலாவது கிரீனில் கடைசியாக ஒரு சுற்றுத் தெளித்து முடித்தபோது போன் அடித்தது. மனைவி.

"தம்பி வந்திருக்கான். குழந்தையும் வந்திருக்கு" என்றாள். குரலைத் தாழ்த்தினாள். "சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லியிருக்கேன். நீங்க கொஞ்சம் மெதுவா வாங்களேன்."

பின்னணியில் குழந்தை சிரிப்பது கேட்டது. அவன் குரலும் கேட்டது. ஏதோ சொல்லிக் குழந்தையைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான்.

"சரிம்மா" என்றார். "இங்க வேலை இருக்கு. அவங்க நிம்மதியாச் சாப்பிடட்டும்."

வேலை எதுவும் இல்லை. மழைத் தூறல் விழத் தொடங்கியது. ஹோஸைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, மைதானம் நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.