சத்தம் கேளாத கால்

பாரிஸில், எங்கட தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததே தங்கச்சியின் மகள் பலே என்கிற வெள்ளைக்கார நடனம் ஆடுவதைப் பார்க்கத்தான். நேற்றுக் காலை ஒரு பிரெஞ்சுப் பிள்ளை அன்னமாக ஆடினாள். குதித்து இறங்கும்போதெல்லாம் மேடை அதிர்ந்தது. பின்னேரம் அதே வேஷத்தில் எங்கள் பிள்ளை ஆடினாள். கால் நிலத்தில் பட்ட சத்தமே இல்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்து முருகனைக் கும்பிட்டேன். இப்போது என்னைக் கூட்டிப்போக வரப்போகிறாள். "மாமா, ஆர் திறம்?" என்று கட்டாயம் கேட்பாள்.

தேத்தண்ணி கொண்டுவரும் கடைக்காரப் பெண்ணின் மகளும் பலே பழகுகிறாளாம். அவவிடம் விஷயத்தைச் சொல்கிறேன். விழுந்து விழுந்து சிரிக்கிறா.

"அண்ணை, இதென்ன சலங்கை கட்டி ஆடுற ஆட்டமே? பலேயிலை சத்தம் கேட்டால்தான் பிழை!"

"மெய்யாவே?"

"ஓம் அண்ணை. உங்கட பிள்ளைதான் திறம்."

முருகா! பிள்ளைக்குச் சொல்ல ஒரு பொய்யை ஆயத்தமாக வைத்திருந்தேன். இனி அது வேண்டாம்.