ஒரு மணிக்குச் சொன்ன சத்தம்

ரொக்கெட் இயந்திரத்தைச் சோதிக்கக் கடற்கரைக்குப் போனேன் என்றால் எங்கள் வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள். நான் பதுளைப் பக்கத்துக்காரி. இயந்திரப் பொறியியல் முடித்து ஒன்பது மாதம் வேலையில்லாமல் இருந்தேன். ரொக்கெட் இயந்திரங்களை வடிவமைத்துச் சோதிக்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று புதிய பட்டதாரிகளை எடுக்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். சான்றிதழை அவர்கள் பெரிதாக எடுக்கவில்லை. நானே செய்த இயந்திரத்தை இரண்டு தடவை இயக்கி, இரண்டிலும் தள்ளுவிசை ஒன்றாக வருகிறது என்று காட்ட வேண்டும். பதிவுகளை வெட்டாமல் அனுப்ப வேண்டும். கடைசி நாள் திங்கட்கிழமை.

என்னுடையது நீராவி ரொக்கெட். எவர்சில்வர் உருளையில் தண்ணீரை அடைத்துச் சூடாக்கி, வால்வைத் திறந்தால் ஒரு கூம்பு வழியாக ஆறு விநாடி சீறும். வெடிமருந்து ஒரு சிட்டிகையும் கிடையாது. ஆனாலும் மலைநாட்டில் எந்தச் சரிவைப் பார்த்தாலும் ஒரு வீடு இருக்கும். என்னோடு படித்த ரிப்கா கல்முனைக்குடிக்காரி. "எங்கட பக்கம் வா. மணல்தான் இரிக்கி" என்றாள்.

சனிக்கிழமை காலை 5.40க்குப் பதுளையில் பஸ் ஏறினேன். அம்பாறைக்குப் பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தது, 430 ரூபாய். உருளைக்குத் தனியாக இன்னொரு இருக்கைக் காசு வாங்கினார்கள். அம்பாறையிலிருந்து கல்முனைக்கு ஒரு மணி நேரம், 140 ரூபாய்.

"இது என்ன தங்கச்சி, கேஸ் சிலிண்டரா?" என்றார் கல்முனை பஸ் கண்டக்டர்.

"இல்லை அண்ணே. தண்ணி கொதிக்க வைக்கிற பாத்திரம்."

"எத்தின பேருக்குத் தேத்தண்ணி?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

ஞாயிறு காலை ஏழரைக்கு ரிப்காவும் நானும் ஓட்டோவில் தெற்கே 22 கிலோமீற்றர் போனோம். 2,800 ரூபாய். ஊரின் பெயரை எழுத மாட்டேன், காரணம் கடைசியில் விளங்கும். நாற்பது வீடுகள், ஒரு சிறிய பள்ளிவாசல், அதற்கு அப்பால் தாழம்புதர், பிறகு கடல். புதருக்குள் கூரையில்லாத சுவர்கள் நின்றன. ஓரிடத்தில் ஐந்து படிகள் மட்டும் மேலே ஏறின. ஏறிப் போய்ச் சேர அங்கே எதுவும் இல்லை. சுனாமி என்று எனக்குத் தெரியும்தான். பாடப்புத்தகத்தில் தெரிந்த அளவுக்குத் தெரியும்.

ஜெஸீமா ராத்தாவின் (அங்கே அக்காவை ராத்தா என்பார்கள்) கடையில் பாலில்லாத பிளேன்ரீ குடிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. எல்லா வாசல்களிலும் செருப்புகள் தெருவைப் பார்த்தபடி சோடி சோடியாக இருந்தன. காலை நுழைத்தால் அப்படியே நடக்கலாம். எவ்வளவு ஒழுங்கான ஊர் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

பிரதேச செயலகத்தின் கடிதமும் பொலிஸ் கடிதமும் கையில் இருந்தன. அது போதாது, பள்ளிவாசலில் சொல்ல வேண்டும் என்று ரிப்கா பிடிவாதமாக நின்றாள். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும், பாங்கு சொல்லும் மோதினார் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: "ஒரு மணி போல கடக்கரையில ஒரு சத்தம் கேக்கும். வெள்ளப் புகையும் வரும். பரிசோதனைதான். ஆரும் பயப்பட வேணாம்."

ஒரு மணிக்கு உப்புக் காற்று விசையளக்கும் கருவியின் வயரைக் கெடுத்துவிட்டது. அறுத்து, ஒட்டி, மறுபடி அளந்தோம். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. எங்களுக்கு அது நேரம் போகிறது என்ற கவலையை மட்டும் தந்தது. 4.10க்கு எல்லாம் சரியானது. நூறு மீற்றர் பின்னால், வீடுகளின் பக்கம், சத்தத்தைப் பதிய ஒரு கைத்தொலைபேசியை வைத்தோம். காதடைப்பான்களை மாட்டிக்கொண்டு வால்வுக் கயிற்றை இழுத்தேன்.

தாழம்புதருக்கு மேலே வெண்மையாக ஒரு சுவர் எழுந்தது. மார்புக்கூடு அதிர்ந்தது. ஆறு விநாடி. கணினியில் தள்ளுவிசைக் கோடு நான் கணக்குப் போட்ட உயரத்திலேயே நின்று இறங்கியது. ரிப்காவும் நானும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அந்த மகிழ்ச்சியை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காதடைப்பான்களைக் கழற்றினேன். சத்தமே இல்லை. அலை இருந்தது, ஆனால் ஊர் இல்லை. பகல் முழுக்கக் கேட்ட தையல் இயந்திரம், பிள்ளைகளின் கூச்சல், மீன்காரரின் ஹோர்ன் எதுவும் கேட்கவில்லை. புதரைத் தாண்டி நடந்தோம். கதவுகள் திறந்து கிடந்தன. ஒரு வீட்டில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் பாதி சாப்பிட்ட சோற்றை ஒரு கோழி கொத்தியது. "ராத்தா!" என்று ரிப்கா கூப்பிட்டாள். பதில் இல்லை. காலையில் நாங்கள் பிளேன்ரீ குடித்த ஜெஸீமா ராத்தாவின் கடையில் கேத்தல் கொதித்து, மூடி டக் டக்கென்று தட்டியது. அடுப்பை அணைத்தேன். அதன் பிறகு இருந்த அமைதி அதைவிட மோசமாக இருந்தது.

வாசல்களில் செருப்புகள் சோடி சோடியாக அப்படியே இருந்தன. ஒருவரும் காலை நுழைக்க நிற்கவில்லை.

ரிப்கா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒரு மணிக்கெண்டுதானே சொன்ன. லுஹர் போய், அஸரும் போயிட்டு. பரிசோதனை முடிஞ்செண்டுதான் நினைச்சிருப்பாங்க. திரும்பச் சொல்லல்லயே நாம." லுஹர் நேரத்துக்குள் கேட்டிருந்தால் அது எங்கள் சத்தம். அஸருக்குப் பிறகு கேட்டது கடலின் சத்தம்.

பெருந்தெருவுக்கு அப்பால், ஒன்றேகால் கிலோமீற்றர் தள்ளி வயல்வரம்பில் ஊர் முழுக்க நின்றது. நாங்கள் ஓடிப்போய்ச் சொன்னோம். ஒருவர்கூட ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வெறுங்காலோடு, சிலர் இரத்தக் காலோடு திரும்பி நடந்தார்கள்.

ஜெஸீமா ராத்தா பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளையின் தாய் கையை நீட்டினாள். ராத்தாவால் கையை விரிக்க முடியவில்லை. "பொறு புள்ள, கை விடுகுதில்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, யாரோ வயதைக் கேட்டதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்: "சுனாமி அண்டைக்கு என்ட மகன் இந்தக் கையிலயிருந்து நழுவின. நாலு வயசு."



பள்ளிவாசல் தலைவர் நல்ல மனிதர். "இன்னொருக்காச் செய்யணுமெண்டா செய்ங்க மகள். இப்ப அறிவிச்சுத் தாறம்" என்றார். உருளையை மறுபடி சூடாக்க ஒரு மணி நேரம் போதும். வெளிச்சமும் மிச்சம் இருந்தது. ரிப்கா மெதுவாகச் சொன்னாள்: "உனக்கு ரெண்டு வேணுமே."

ராத்தாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தார்கள். "வேணாம்" என்றேன்.

சூரியன் மறையும் மஃரிபு தொழுகைக்குள் சாமான்களைக் கட்டினோம். கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ராத்தா கேத்தலைத் திரும்ப அடுப்பில் வைத்திருந்தார். தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை.

திங்கட்கிழமை, இருந்த ஒரேயொரு ஓட்டத்தின் பதிவையும், என் பிழையைப் பற்றி ஒரு பக்கத்தையும், பின்னால் வைத்த தொலைபேசியின் ஒலியையும் அனுப்பினேன். அனுப்புமுன் அதைக் கேட்டேன். சீறல். பிறகு ஒரு பெண் குரல், "கடல்!" என்று ஒரே சொல். பிறகு வெறுங்கால்கள், நிறைய. பிறகு பன்னிரண்டு நிமிடம் அந்த டக் டக் மட்டும்.

நேர்முகத்தில் தள்ளுவிசையைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "அந்தத் தட்டும் சத்தம் எது?" என்றார்கள். சொன்னேன். வேலை கிடைத்தது, இது மூன்றாவது மாதம். இங்கே புதியவர்களின் முதல் வேலை, ஒவ்வொரு சோதனைக்கும் முன் சுற்றியுள்ள வீடுகளுக்குப் போய் நேரம் சொல்வது. சோதனை தள்ளிப்போனால் எல்லாரும் அலுத்துக்கொள்வார்கள். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு திரும்பவும் போகிறேன்.

உங்களில் யாராவது இப்படிச் சோதனைக்குக் கிழக்குக் கரைக்குப் போவதென்றால்: வயர் முனைகளுக்கு உப்புக் காற்று ஆகாது, மெழுகு கொண்டு போங்கள். போக வர எனக்கு எல்லாமாக 7,900 ரூபாய் முடிந்தது. கடிதங்களுக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். அந்த ஊரை இன்னொருவர் ஓட வைக்கக் கூடாது என்றுதான் பெயரை எழுதவில்லை. வேறெங்கு போனாலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் சொல்லுங்கள். நேரம் மாறினால் மறுபடி சொல்லுங்கள்.

அன்று ஓட்டோ கிளம்பியபோது ஜெஸீமா ராத்தா வாசலுக்கு வந்தார். கிடந்த செருப்புகளைக் குனிந்து தெருப்பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இனி வாறதெண்டா, சொல்லிட்டு வாங்க புள்ள."