டீச்சரக்கா சொன்ன வரி

ஆராதனையில், கிறிஸ்தவ நம்பிக்கையை வரிவரியாக அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லாரும் எழுந்து நின்றபோது டீச்சரக்காவின் வாய் மூடியே இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆராதனை நடத்துகிறவர் அவர். முதல் சொல்லை அவர் எடுத்துக்கொடுத்தால்தான் நாங்கள் தொடர்வோம். அன்று எடுத்துக்கொடுக்கவில்லை. தகரக் கூரைமேல் சாரல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் நான் தொடங்கினேன், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். முடியும்வரை அவர் கைகளைத் தொங்கவிட்டபடி எங்களைப் பார்த்து நின்றார்.

கொல்லிமலையில் வேலைக்கு வந்த கிறிஸ்தவர்கள் நாங்கள் கொஞ்சம் பேர்தான். நான் சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவர் மலையிலேயே எடப்புளி நாடு என்கிற ஊர்ப் பகுதியில் பள்ளி ஆசிரியை. போதகர் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து எப்போதாவதுதான் மேலே வருவார். மற்ற வாரங்களில் டீச்சரக்காதான் எல்லாம். கணவரை முன்பே இழந்தவர். மகள் ஒருத்திதான் துணை. அந்த மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றி, நானும் டீச்சரக்காவும் ஜீப்பில் கீழே கொண்டுபோனோம். குளுக்கோஸ் பாட்டிலை நான் பிடித்திருந்தேன். கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் பிள்ளை போய்விட்டாள். ஜீப் நிற்கவில்லை. டிரைவருக்கு யாரும் சொல்லவில்லை. அடிவாரத்து ரோட்டில் பஸ்களும் மிளகு மூட்டை ஏற்றிய லாரிகளும் எதிரே வந்துகொண்டிருந்தன. நாங்கள் இருவரும் அழவில்லை.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறே அவர் ஆராதனைக்கு வந்தார். ஜெபித்தார், வேதம் வாசித்தார், பாட்டும் எடுத்தார். பிரமாணத்தில் மட்டும் வாய் திறக்கவில்லை. பல வாரங்கள் அப்படியே போயின. தொடங்குவது என் வேலையாயிற்று. வட்டார அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவருக்கு இது பொறுக்கவில்லை. போதகர் வந்த நாளில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

“ஏனுங்க டீச்சர், விசுவாசம் இல்லாம முன்னால நிக்கலாமுங்களா?”

டீச்சரக்கா கோபப்படவில்லை. “விசுவாசிக்கிறேன்னு பொய் சொல்லச் சொல்றீங்களாங்க? வாயில வரலீங்க. அதான் சும்மா நிக்கிறேன்.”

பெரியவர் போதகரைப் பார்த்தார். போதகர், “நிக்கட்டுமுங்க. அவங்களுக்கும் சேத்து நாம சொல்லுவோம்” என்றார்.

சிறுவயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி வந்ததை நான் அதற்குப் பிறகுதான் காது கொடுத்துக் கேட்டேன். எத்தனை பேர் கூடி நின்றாலும் அதில் விசுவாசிக்கிறோம் என்று இல்லை, விசுவாசிக்கிறேன் என்றுதான் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவருக்காக அதை எப்படிச் சொல்வது என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் சொன்னேன். சொல்லும்போது எனக்குள்ளும் ஒன்றும் அசையவில்லை. வார்டில் மாத்திரை கொடுப்பதுபோல ஒவ்வொரு வரியாகக் கொடுத்துக்கொண்டே போனேன்.

பலாப்பழக் காலத்தில் ஒரு ஞாயிறு. “சிலுவையில் அறையுண்டு” என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது முன்னாலிருந்து ஒரு குரல் சேர்ந்தது. “மரித்து, அடக்கம்பண்ணப்பட்டார்.” அவ்வளவுதான். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று நாங்கள் மேலே போனபோது அவர் வாய் மூடிவிட்டது. பெரியவர் தடுமாறி ஒரு வரியை விட்டுவிட்டார். வெளியே வந்ததும் டீச்சரக்கா என்னிடம், “அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும், கண்ணு. பார்த்தேனில்ல” என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அந்த ஒரு வரியை மட்டும் சொன்னார். பிறகு மாறுதல் கிடைத்து இறங்கிப் போய்விட்டார்.

நான் இன்னும் மலையில்தான் இருக்கிறேன். போன மாதம் போனில் பேசினோம். மழை, முட்டிவலி, அவருடைய ஓய்வூதியம் என்று பேச்சு சுற்றி வந்தது. எப்படியோ கேட்டுவிட்டேன்.

“இப்பெல்லாம் முழுசாச் சொல்றீங்களாக்கா?”

“மூணாம் நாளைத் தாண்டி வந்துட்டேன், கண்ணு. கடைசியில, செத்தவங்க சரீரம் உயிர்த்தெழுதல்னு வருதுல்ல, அங்க நின்னுடறேன். இங்க சர்ச்சுல பக்கத்துல ஒரு சின்னப் புள்ள நிக்குது. அது சத்தமாச் சொல்லுது. கேட்டுட்டு நிக்கிறேன்” என்றார்.