இரும்புத்தூசி என்றார் ராஜமாணிக்கம்

கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லின் உலைப் பிரிவில் ராஜமாணிக்கம் வேலை பார்க்கிறார். மில் வாசல் வண்டி ஸ்டாண்டில் போய் அந்தப் பெயரைச் சொன்னால், "யாரு, ஏபிஎஸ் அண்ணனா?" என்று கேட்பார்கள். அந்தப் பட்டப்பெயர் ஒரு காலத்தில் அவருக்குப் பிடித்திருந்தது. இப்போது பிடிப்பதில்லை.

அவருடைய அப்பாவும் அம்மாவும் ஆரணிப் பக்கம் அடுத்தவர் வயலில் அறுப்பு அறுத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் முதலில் மாதச் சம்பளம் வாங்கியவர் இவர். முதலில் மோட்டார் சைக்கிள் வாங்கியவரும் இவர்தான். எந்த வண்டிக்கு என்ன கோளாறு என்று சத்தத்தைக் கேட்டே சொல்வார். சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கிற மனிதருக்கு வருகிற கெடுதல் அவருக்கும் வந்தது: பிறர் சொல்வதை முழுதாகக் கேட்கும் பழக்கம் போய்விட்டது.

அந்தப் பட்டப்பெயர் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். புது வண்டிகளில் ஏபிஎஸ் என்று ஒன்று இருக்கிறது. சட்டென்று பிரேக் பிடித்தால் சக்கரம் இறுகி வழுக்காமல் அது பார்த்துக்கொள்ளும். அது வேலை செய்யவில்லை என்றால் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு அணையாமல் எரியும். சக்கரத்தின் வேகத்தைப் பார்ப்பதற்காக அச்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சென்சார் உண்டு, உள்ளே காந்தம் இருக்கும். எங்கள் பக்கத்து மில் சாலைகளில் இரும்புத்தூசிக்குப் பஞ்சமில்லை. அது அந்தக் காந்தத்தில் மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும், விளக்கு எரியும். ஷோரூமில் விட்டால் ஒரு ஷிப்டு போய்விடும். ராஜமாணிக்கம் குந்தி உட்கார்ந்து பழைய பனியன் துணியால் துடைத்துவிடுவார். வண்டி கொஞ்ச தூரம் ஓடியதும் விளக்கு அணையும்.

"டாக்டருக்கு ஃபீஸ் டீயா, போண்டாவாண்ணா?" என்று பசங்கள் கேட்பார்கள்.

"உன் வண்டி இருக்கிற இருப்புக்கு ரெண்டும் வாங்கு."

அவருடைய ஒரே மகள் ஷைனி, புதுவாயல் வீட்டிலிருந்து கும்மிடிப்பூண்டியில் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்கு, தரம் பார்க்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஸ்கூட்டர் போதும் என்று அம்மா கிரேஸ் சொன்னார். என் பொண்ணு பைக்தான் ஓட்டுவாள் என்று ராஜமாணிக்கம் பிடிவாதமாக வாங்கிக் கொடுத்தார். அந்த வண்டியிலும் மஞ்சள் விளக்கு வந்தது.

"நைனா, ஹேண்டிலைத் திருப்பும்போதுதான் எரியுது. நேரா போனா கொஞ்ச நேரத்துல அணைஞ்சிடுது. இன்னான்னு பாரு."

"இரும்புத்தூசிம்மா. துடைச்சா பூடும்."

துடைத்தார். அணைந்தது. அடுத்த வாரம் மறுபடி எரிந்தது.

"திரும்பும்போதுன்னு சொல்றேன் நைனா. தூசின்னா நேரா போகும்போதும் எரியணும் இல்ல?"

"எனக்கே ஏபிஎஸ் சொல்லிக் குடுக்குறியா?" என்று சிரித்துக்கொண்டே துணியை எடுத்தார். மறுபடியும் அணைந்தது.

"ஊருக்கெல்லாம் வைத்தியம், ஊட்டு வண்டிக்கு அழுக்குத் துணி. ஷோரூமுக்கு எடுத்துக்கினு போனா இன்னா?" என்றார் கிரேஸ். அதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழை தொடங்கிய வாரம், புதுவாயல் கூட்டுரோட்டில் சர்வீஸ் ரோடு திரும்புகிற இடத்தில் முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆளை ஏற்ற நின்றது. ஷைனி பிரேக் பிடித்தாள். முன்சக்கரம் இறுகிக்கொண்டது. ஈர மணலில் வண்டி சரிந்து, தொடை எலும்பு முறிந்தது. ஏபிஎஸ் வேலை செய்திருந்தால் விழுந்திருக்க மாட்டாள் என்று யாரும் எழுதித் தர முடியாது. ஆனால் விழுவதற்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று அவள் ஆஸ்பத்திரியிலேயே சொன்னாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவளைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள். படுக்கை நோயாளிகளைப் பார்க்கிற பயிற்சி எடுத்தவள் நான். அந்த வீட்டில் எனக்குத் தொந்தரவு நோயாளி அல்ல, அவள் அப்பா. வெந்நீர் கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டுப் போய்விடுவார். அறைக்குள் வரமாட்டார். ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"வாசப்படியில நின்னு கண்ணைத் துடைச்சா எலும்பு சேராது சார். உள்ள வந்து தோளைப் பிடிங்க, தூக்கணும்."

வந்து பிடித்தார். அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவள் சாதாரணமாகத்தான் பேசினாள், தண்ணீர் கேட்டாள், டிவியை மாற்றச் சொன்னாள். கோபமாகப் பேசியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விழுந்ததில் வளைந்த வண்டி ஹேண்டிலை ஒரு மெக்கானிக்கை வரவழைத்து நிமிர்த்தினார். அடுத்த ஞாயிறு, சர்ச்சுக்குப் போய் வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் வண்டியை எடுத்துத் தெருவில் மெதுவாக ஓட்டினார். ஷைனியின் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. நேராகப் போனார், விளக்கு அணைந்தது. தெருமுனையில் திருப்பினார், எரிந்தது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். கடைசியில் இறங்கி, சென்சாரிலிருந்து மேலே போகிற ஒயரை விரலால் தடவிக்கொண்டே வந்தார். அதைப் பிடித்து வைக்கும் கிளிப் உடைந்திருந்தது. ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் ஒயர் உராய்ந்து, மேல்தோல் தேய்ந்து, செம்பு தெரிந்தது. விழுந்ததில் அறுந்ததல்ல, நாள்பட்ட தேய்மானம்.

துடைக்கும்போது அந்த ஒயரை இடது கையால் ஒதுக்கிப் பிடிப்பது அவர் வழக்கம். அவர் கை பட்டு, உள்ளே விட்டுப்போன செம்பு இழைகள் கொஞ்ச நாளைக்குச் சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் விளக்கு அணைந்தது, துணியால் அல்ல.

ஜன்னலண்டை வந்து நின்றார். "ஒயரும்மா" என்றார்.

"சரி நைனா" என்றாள் ஷைனி. அவ்வளவுதான்.

ஷைனி வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்த பிறகு நான் காலையில் மட்டும் போய் உடற்பயிற்சி கொடுத்துவிட்டு வருவேன். ஒருநாள் அறையின் ஓரத்தில் திரும்பும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டதை ராஜமாணிக்கம் பார்த்துவிட்டார்.

"வலிக்குதா?"

"லேசா."

"பழகுற வலிதான், எல்லாருக்கும் இருக்கும்" என்றார் கிரேஸ்.

"நீ இரு. எப்ப வலிக்குதும்மா? நேரா நடக்கும்போதா?"

"நேரா நடந்தா இல்ல. காலை ஊனித் திரும்பும்போதுதான்."

கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனார். நானும் கூடப் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், எலும்பில் வைத்த பிளேட்டைப் பிடித்திருந்த ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். எலும்பு இறங்கிவிட்டதால் அந்தக் கால் சற்றுக் குட்டையாகத்தான் சேரும் என்றும் சொன்னார்.

"வலி எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒரு மாசம் இருக்கும் சார்" என்றாள் ஷைனி. என்னிடமும் சொல்லவில்லை.

"அப்பவே வந்திருந்தா இவ்வளவு இறங்கியிருக்காது."

வெளியே பெஞ்சில் அவளை உட்கார வைத்தோம். ராஜமாணிக்கம் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார், வண்டிக்கு உட்காருகிற மாதிரியே.

"ஏம்மா அப்பவே சொல்லல?"

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவே.

"சொன்னா ஒண்ணுமில்லன்னு சொல்லிடுவியேன்னு இருந்துட்டேன் நைனா."

அவர் எழுந்திருக்கவில்லை. அட்மிஷன் கவுன்டர் மூடுகிற நேரம் ஆகிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே கவரை அவர் கையில் கொடுத்து, போய் வரிசையில் நிற்கச் சொன்னேன். போய் நின்றார்.