மான் இறைச்சி வராத வீடு

கடையில் பால் வாங்கினாலும் திகதியை இரண்டு முறை பார்த்துத்தான் கூடையில் போடுவாள் கிளடிஸ். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் உடைந்ததையும் கருகியதையும் பொறுக்கி எறிவது அவளுடைய வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓயாது. அப்படிப்பட்டவளுக்குத்தான், தன் புருசன் சூசைதாசன் வருசா வருசம் நவம்பரில் போகும் மான் வேட்டையில் சந்தேகம் விழுந்தது.

ஆரம்பத்தில் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் அவனோடு வேலை செய்யும் பேனாட் என்ற கனடாக்காரனுக்கு, பீற்றபரோவுக்கு வடக்கே காட்டுக்குள் ஒரு மரவீடு இருந்தது. சூசைதாசன் துப்பாக்கி அனுமதி எடுத்து அவர்களோடு போவான்; கூலர் பெட்டி நிறைய இறைச்சியோடு திரும்புவான். டோர்செட் பார்க்கில் அவர்கள் இருந்த மாடிக் கட்டடத்தில் பாதிப் பேர் அந்த இறைச்சியை ருசி பார்த்தவர்கள். மான் எந்தப் பக்கத்தால் வந்தது, தான் எங்கே குறி வைத்தான் என்று அவன் சொல்லத் தொடங்கினால் கேட்பவர்கள் தேத்தண்ணியை ஆறவிட்டுவிடுவார்கள்.

பிறகு ஒரு வருசம் கூலர் பெட்டி வெறுமையாக வந்தது.

"மான் அம்பிடேல்லை. போன மாரிப் பனியிலை கனக்கச் செத்துப்போச்சாம்" என்றான்.

அடுத்த வருசமும் அதே கதை. பெண்மான் சுட அரசாங்கம் குலுக்கலில் கொடுக்கும் அனுமதி விழவில்லை, கொம்புள்ள ஆண்மான்கள் கண்ணில் படவில்லை என்றான். பக்கத்து வீட்டுப் பரிமளம்தான் வாயை வைத்தாள்.

"றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போற வழியிலை, றோட்டுக்கரையிலை மான் நிக்கிறதை என்ரை கண்ணாலை கண்டனான். ஊருக்குள்ளை நிக்கிற மான் காட்டுக்குள்ளை இல்லையாமோ?"

அன்று பின்னேரமே கிளடிஸ் அவனுடைய வேட்டைப் பையைக் கிளறினாள். தோட்டாப் பெட்டி வாங்கினபடி ஒட்டுப் பிரிக்காமல் கிடந்தது. செம்மஞ்சள் நிற மேற்சட்டையில் இரத்தக் கறையும் இல்லை, சேறும் இல்லை. மூக்கில் வைத்துப் பார்த்தாள். பொரித்த வெங்காய வாசம். குசினிக்குப் போய் மிளகாய்த்தூள் போத்தலைத் தூக்கினாள். அவன் போகமுதல் நிரம்பியிருந்தது அரைவாசிக்குக் கீழே இறங்கியிருந்தது.

யாருக்குச் சமைத்துக் கொடுக்கிறான்?

கேள்வி நெஞ்சுக்குள் முள்ளாய் நின்றது. அவனிடம் கேட்டால் இன்னொரு மான் கதை சொல்வான். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேனாட்டின் மனைவிக்குப் போன் எடுத்தாள். அவள் சிரித்துவிட்டு, உன் மனுசன் வராவிட்டால் அங்கே ஒருவருக்கும் சந்தோசமில்லை என்றாள். அந்தச் சிரிப்பு கிளடிஸுக்குப் பிடிக்கவில்லை. இவளும் உடந்தையோ?

தொண்ணூற்றேழு நவம்பரில் சூசைதாசன் வழக்கம்போல் புறப்பட்டுப் போனான். அந்தச் சனிக்கிழமை கிளடிஸ் தன் தம்பி பஸ்ரியனைப் பிடித்தாள்.

"காரை எடு. அத்தான் நிக்கிற இடத்துக்குப் போகோணும்."

"அக்கா, உனக்கென்ன விசரே? அங்கை வெடி வைக்கிறாங்கள்."

"ஆர் வெடி வைக்கிறாங்கள், ஆர் வைக்கேல்லை எண்டு பாக்கத்தான் போறன்."

பேனாட்டின் மனைவியிடம் போனில் கேட்டு எழுதிய அடையாளங்களை வைத்து, இரண்டு தரம் வழி தவறி, மத்தியானம் போல மரவீட்டைக் கண்டுபிடித்தார்கள். புகைபோக்கியில் புகை வந்தது. வாசலில் ஒரு வாகனமும் இல்லை. கொடியில் பூப்போட்ட ஏப்ரன் ஒன்று காய்ந்தது. கிளடிஸ் கதவைத் தட்டாமலே தள்ளினாள்.

அடுப்படியில் அகப்பையோடு நின்றான் சூசைதாசன். பெரிய பானையில் கோழிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. வேறு ஒருவரும் இல்லை. அவள் கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பார்த்தாள்.

"நீர் ஏன் இஞ்சை வந்தனீர்?" அவனுக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"உதென்ன கோலம்? மற்றவை எங்கை?"

"காட்டுக்குள்ளை போட்டினம்."

"நீங்கள் போகேல்லையோ?"

அவன் அகப்பையைக் கீழே வைத்தான்.

"நான் ஒருநாளும் போறேல்லை, கிளடிஸ். முதல் வருசம் மட்டும் போனனான். பக்கத்திலை ஒருத்தன் வெடி வைச்சான். நான் துவக்கை எறிஞ்சுபோட்டு நிலத்திலை குப்புறப் படுத்திட்டன். ஷெல் வரப்போகுதெண்டு காதைப் பொத்திக்கொண்டு கிடந்தனான். பேனாட் வந்து தூக்கிக்கொண்டு வந்தவன். அண்டையிலை இருந்து சமையல்தான். அவை சுட்டதிலை எனக்கும் ஒரு பங்கு தருவினம்."

"அப்ப நீங்கள் சொன்ன கதையள்?"

"அவை சொன்னதை நான் சொன்னனான். இப்ப அவைக்கே இல்லை. எனக்கு எங்காலை பங்கு?"

பொழுதுபட வேட்டைக்காரர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். முன்பு மரவீடு நிறையப் பேர் வருவார்கள் என்றும், இப்போது பாதிப் பேர் விட்டுவிட்டார்கள் என்றும் பேனாட் சொன்னான். மான் குறைந்ததும் ஒருவரில் ஒருவருக்கு நம்பிக்கை போய்விட்டதாம். பக்கத்து முகாம்காரர் களவாகச் சுடுகிறார்கள் என்று இவர்கள் சொல்ல, இவர்கள்தான் என்று அவர்கள் சொல்ல, ஒரே சண்டையாம். பனி உருகிய பிறகு சதுப்புக்குள் போய்ப் பார்த்ததையும் சொன்னான். தேவதாரு மரங்களில் மானின் வாய் எட்டிய உயரம்வரை பச்சை இல்லை. அடியில் பெண்மான்களும் குட்டிகளும் பட்டினியில் செத்துச் சுருண்டு கிடந்தன. அதைச் சொல்லும்போது அந்தப் பெரிய மனிதன் கோப்பையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. பொய் பிடிக்கத் தெரிந்த கிளடிஸ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

வீடு திரும்பியும் ஒரு கிழமை அவள் சூசைதாசனோடு சரியாக முகம் கொடுக்கவில்லை. பயந்தது அவளுக்குக் குற்றமாகப் படவில்லை. ஊரில் சண்டைக் காலத்தில் ஷெல்லுக்குப் பயந்து அவளும் பங்கருக்குள் கிடந்தவள்தான். அதைத் தன்னிடம்கூட மறைத்து, இத்தனை வருசம் கதை விட்டதுதான் ஆறவில்லை.

"இனி ஆரும் கேட்டால் என்ன சொல்லப்போறீங்கள்?" என்று ஒருநாள் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, தேவாலய மண்டபத்தில் அவர்களுடைய கட்டடத்துப் பத்மநாதன் அண்ணை "என்ன சூசை, இந்தமுறையும் மான் தப்பியிட்டுதோ?" என்று பகிடியாகக் கேட்டபோது, அவன் கிளடிஸைப் பார்த்தான்.

"அண்ணை, நான் ஒரு மானும் சுட்டதில்லை. அங்கை நான் சமையல்."

பத்மநாதன் சிரித்தார். அவன் பகிடி விடுகிறான் என்றுதான் நினைத்தார். கிளடிஸ் சிரிக்கவில்லை என்று கண்ட பிறகுதான் அவர் சிரிப்பு நின்றது.